வாடகைத் தவணையில் எடுத்த கிரைண்டர் ஷாக் அடித்தால் கடைக்காரர் பொறுப்பாவாரா?

காரைக்குடியில் வீட்டிலேயே முறுக்கும் சீப்புச் சீடையும் செய்து விற்றுவரும் உங்கள் தாயாருக்கு, வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தில் (தவணை முடியும்வரை பொருள் கடைக்காரருடையதாகவே இருக்கும் முறை) எடுத்த கிரைண்டர் ஷாக் அடித்துக் கையில் காயம் ஏற்பட்டதாகவும், "நாங்கள் வாடகைக்குத்தான் விட்டோம், கம்பெனியைக் கேளுங்கள்" என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இப்பகுதியில் நுகர்வோர் வழக்குகளை நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பதில் எளிதில் எடுபடாது.

வாடகைக் கொள்முதலுக்கென 1972-இல் இயற்றிய தனிச்சட்டம் நடைமுறைக்கு வராமலேயே 2005-இல் நீக்கப்பட்டது. ஆனாலும், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 150-ஆவது பிரிவு தெளிவாகவே இருக்கிறது. வாடகைக்குக் கொடுத்த பொருளில் இருந்த குறையால் சேதம் விளைந்தால், அக்குறை கொடுத்தவருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் அவரே பொறுப்பு. கடைசித் தவணை வரை சாமான் தமதே என்று கையெழுத்து வாங்கிக்கொண்டவர், காயம் பட்டதும் அந்தச் சாமானுக்கு அந்நியராகிவிட முடியாது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, குத்தகைக்கு விடுபவரையும் பொருள் விற்பனையாளர் என்றே கொள்கிறது. கடன் மட்டும் கொடுத்தவருக்கும், பொருளைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பே இல்லாமல், அதன் தேர்வும் பராமரிப்பும் பிறர் கையில் இருக்கக் குத்தகைக்கு விட்டவருக்கும் விலக்கு உண்டு. தம் கடை இருப்பிலிருந்து எடுத்து, தம் ஆளை அனுப்பிப் பொருத்தியவர் இந்த விலக்கைக் கேட்பது கடினம். பொருத்துவதிலோ சோதிப்பதிலோ அவர் கவனம் தவறியிருந்தால், 86-ஆவது பிரிவின்படி இழப்பீடு கோரலாம். வியாபாரத்துக்கு எடுத்ததால் தாயார் நுகர்வோரே அல்லர் என்பார்கள். சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துபவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது.

அவர்களுடைய உண்மையான எதிர்வாதம் வேறு: "வீட்டு வயரிங் பழசு." நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று முனை பிளக்குக்குப் பின்னால் எர்த் கம்பியே இல்லாதிருப்பது புதுமையல்ல என்பதால், இந்த வாதத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் வீட்டு எர்த்தையும் இயந்திரத்தின் மின்கசிவையும் தனித்தனியாகச் சோதித்து எழுத்தில் வாங்குங்கள். மருத்துவச் சீட்டு, ஒப்பந்த நகல், தவணை ரசீதுகள் ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள்.

சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள், கடைக்காரரையும் உற்பத்தியாளரையும் எதிர்தரப்பாகச் சேர்த்து, தாயார் வசிக்கும் இடத்தை வைத்தே சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுச் செய்யலாம். தேவைப்பட்டால் ஆணையமே பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆகையால், ரிப்பேர் செய்து தருகிறோம் என்று கடையிலிருந்து ஆள் வந்தாலும் கிரைண்டரைக் கொடுத்துவிடாதீர்கள்.