ஒற்றும் எழுத்தும்: தமிழ்ப் பிழைகள் பற்றிய கேள்வி பதில்

பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவன் என்ற முறையில், இணையத்தில் அன்றாடம் எழுதப்படும் தமிழைப் பற்றி என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர்: 'முயற்ச்சி', 'பயிற்ச்சி', 'அதற்க்கு' என்று படித்தவர்களே எழுதுகிறார்கள். பார்க்கும்போதே எரிச்சலாக இருக்கிறது. இதற்கு முடிவே இல்லையா, ஐயா?

உங்கள் எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் இதைப் போல எளிதாகக் களையக்கூடிய பிழை தமிழில் வேறு இல்லை என்பேன். ட், ற் ஆகிய இரண்டையும் அடுத்து இன்னொரு புள்ளி எழுத்து வராது. ஆகவே முயற்சி, பயிற்சி, அதற்கு, கற்பனை, கட்சி, நட்பு என்று ஓர் ஒற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். செய்யுளில் வரும் அரிய வடிவங்களை விட்டுவிட்டால், இரண்டு புள்ளி எழுத்துகள் அடுத்தடுத்து நிற்பது ய், ர், ழ் ஆகிய மூன்றின் பின்னால் மட்டுமே. தொல்காப்பியமும் நன்னூலும் சொல்லும் விதி இது. வாய்ப்பு, வளர்ச்சி, மகிழ்ச்சி ஆகியவை அப்படி அமைந்த சொற்கள். 'வளர்ச்சி' என்று எழுதிப் பழகிய கை, அதே ஓசையில் முடியும் 'முயற்சி'க்கும் ஒரு ச் சேர்த்துவிடுகிறது. வகுப்பில் இந்த இரண்டு சொற்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டுங்கள், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

செய்தித்தளத்தில் பணிபுரியும் துணையாசிரியர்: வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்பதெல்லாம் தேர்வுக்குப் படித்ததோடு சரி. ஒற்று இல்லாவிட்டாலும் பொருள் புரிகிறதே?

பல இடங்களில் புரியும். சில இடங்களில் பொருளே மாறிவிடும். 'வேலை கொடுத்தான்' என்றால் பணி கொடுத்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் வேல் என்னும் ஆயுதத்தைக் கொடுத்தான். பொருள் மாறாத இடத்திலும், ஒற்று இருந்தால் எந்தச் சொல் எதனோடு சேர்கிறது என்பது வாசிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். இல்லாவிட்டால் அவர் ஒரு கணம் நின்று, தாமே சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

விதிகள் அனைத்தையும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. ஐ, கு என்னும் வேற்றுமை உருபுகளுக்குப் பின்னும் (பாடத்தைப் படித்தான், ஊருக்குப் போனான்), அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகிய சொற்களுக்குப் பின்னும் க, ச, த, ப வரிசை வந்தால் ஒற்று மிகும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே உங்கள் செய்தியில் உள்ள சந்திப்பிழைகளில் பெரும்பகுதி போய்விடும்.

இதற்கு நேர்மாறான பிழைதான் என்னை இன்னும் வருத்துகிறது. ஒற்றுப் போடுவதே கவனத்துக்கு அடையாளம் என்று நினைத்து, 'வந்துப் போனான்', 'செய்துக் கொண்டான்', 'என்றுக் கூறினார்' என்று வேண்டாத இடத்தில் சேர்த்துவிடுகிறார்கள். 'எடுத்துக் கொடுத்தான்', 'பார்த்துப் பேசினார்' என்பவற்றில் வினையெச்சம் த்து என்று வல்லின ஒற்றோடு முடிவதால் மிகுகிறது. வந்து, செய்து, என்று ஆகியவற்றில் உகரத்துக்கு முன் அப்படி வல்லினம் இரட்டித்து நிற்கவில்லை, ஆதலால் மிகாது. அதே போல, 'அழியாத புகழ்' இயல்பாக நிற்கும். த கெட்டு 'அழியா' என்று குறுகினால் 'அழியாப் புகழ்' என்று மிகும். ஊறுகாய், சுடுசோறு போன்ற வினைத்தொகைகளில் ஒருபோதும் மிகாது.

விளம்பரப் பலகை எழுதுபவர்: 'சுவற்றில்' என்பதா, 'சுவரில்' என்பதா?

சுவரில். வயிறு வயிற்றில் என்றும், கிணறு கிணற்றில் என்றும் ஆகும், ஏனெனில் அவை று என்று முடிகின்றன. சுவர் அப்படி முடியவில்லை.

வாசகர் ஒருவர்: 'வாழ்த்துக்கள்' என்று எழுதியதற்காக ஒருவர் என்னிடம் பெரிதாகச் சண்டை பிடித்தார். எது சரி?

நான் 'வாழ்த்துகள்' என்றே எழுதுகிறேன், மெய்ப்பிலும் அப்படியே திருத்துகிறேன். ஆயினும் இரண்டு வடிவங்களுக்கும் ஆதரவாகத் தமிழறிந்தவர்கள் வாதிட்டிருக்கிறார்கள். 'ஒவ்வொரு வீடுகளிலும்', 'மாடுகள் மேய்ந்தது' என்று ஒருமையும் பன்மையும் மோதும் தொடர்கள் கண்முன் கிடக்கும்போது, இந்த ஒரு க்-க்காகச் சண்டை பிடிப்பது வீண். ஒவ்வொரு வீட்டிலும், மாடுகள் மேய்ந்தன: இவற்றில் இருவேறு கருத்துக்கு இடமில்லை.

யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வாழ்பவர்: நாங்கள் 'ரொறன்ரோ', 'ரீச்சர்' என்று எழுதுவதைத் தமிழ்நாட்டு நண்பர்கள் பிழை என்கிறார்கள்.

பிழையே அல்ல. தமிழின் ட் நாவை மடித்து ஒலிப்பது. Toronto, teacher என்பவற்றில் வரும் ஆங்கில t ஒலியோ நுனிநா மேற்பல் ஈற்றருகே படுவதால் பிறப்பது. 'வெற்றி' என்பதை நீங்கள் ஒலிக்கும்போது வரும் ற்ற அதற்கு நெருங்கியது. அதனால் ஈழத்து எழுத்தில் ர, ற கொண்டு அவ்வொலியைக் குறிக்கும் மரபு வேரூன்றியது. ஓர் ஊரின் மரபையும் பேச்சு வழக்கையும் பிழைப் பட்டியலில் சேர்ப்பது, பிழை திருத்துகிறவர்கள் செய்யக்கூடாத தவறு.

மற்றொரு வாசகர்: நண்பர் ஒருவர் தம் தாயார் மறைவை அறிவித்த பதிவில் 'இரங்கல்' என்பதை 'இறங்கல்' என்று எழுதியிருந்தார். எல்லாரும் பார்க்கும்படி திருத்தினேன். மனம் வருந்திவிட்டார். நான் செய்தது தவறா?

தவறுதான். எழுத்தைத் திருத்தும் உரிமை, எழுதியவர் கேட்டால் அல்லது ஏற்றால் கிடைப்பது. துக்கச் செய்தியில் அது ஒருநாளும் கிடைக்காது. நாளிதழும் அரசு அலுவலகமும் பாடநூலும் பிழையோடு வந்தால் பொதுவெளியில் உரக்கச் சொல்லுங்கள். அவர்கள் அதற்குப் பொறுப்புள்ளவர்கள். தனிமனிதருக்குத் தனியே, அதுவும் சில நாள் கழித்து, ஒரு வரி எழுதினால் போதும்.

கல்லூரி மாணவர்: எனக்குத் தமிழ் தெரியும், ஆனால் கைப்பேசியில் தட்டினால் பிழை வருகிறது. ஏன்?

உங்களைப் போன்றோர் பலர். ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழ் பெறும் முறையில் பள்ளிக்கும் பல்லிக்கும், மணத்துக்கும் மனத்துக்கும் ஒரே எழுத்துக்கோவைதான். கருவி முதலில் காட்டும் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வதால்தான் 'திருமன வாழ்த்து' பிறக்கிறது. தமிழ்99 விசைப்பலகையில் ல, ள, ழ ஒவ்வொன்றுக்கும் தனி விசை உண்டு. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவது தானே புள்ளி பெற்றுவிடும். பழகச் சில வாரங்கள் ஆகலாம், பழகிய பின் கை தமிழிலேயே எழுத்துக்கூட்டும்.

கண்ணுக்கே தெரியாத பிழை ஒன்றும் இருக்கிறது. ஔ என்பது ஒருங்குறியில் (யூனிகோடில்) ஒரே எழுத்து. அதற்குப் பதிலாக ஒ, ள என்று இரண்டைத் தட்டி 'ஒளவையார்' என்றும், கௌரவத்தை 'கெளரவம்' என்றும் எழுதுகிறார்கள். பல எழுத்துருக்களில் வேறுபாடு தெரியாது, ஆனால் கணினிக்கு அவை வேறு சொற்கள். அப்படி எழுதிய கட்டுரையைச் சரியான எழுத்தில் தேடுகிறவருக்கு அது கிடைக்காமல் போகக்கூடும்.

பிழை திருத்தும் மென்பொருள்களை நம்பலாமா?

துணையாகக் கொள்ளலாம். எழுத்துப்பிழைக்கு 'வாணி', சந்திப்பிழைக்கு 'நாவி' ஆகியவை இணையத்திலேயே கிடைக்கின்றன. ஆனால் பரவை, பறவை இரண்டும் சரியான சொற்கள் என்பதால், இடம் மாறி நின்றால் கருவி பேசாமல் விட்டுவிடலாம். ஐயம் வந்தால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைப் பாருங்கள், அதுவும் இணையத்தில் தேடும் வசதியோடு இருக்கிறது. இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. அனுப்பும் முன் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்; ல, ள, ழ வேறுபாட்டைச் சரியாக ஒலிப்பவராக இருந்தால், கண் தவறவிட்டதை உங்கள் நாக்கு பிடித்துவிடும்.