கட்டாயப்படுத்திப் போருக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும்தான் மனக்காயம் இவ்வளவு காலம் நீடிக்குமா?

வியட்நாமுக்குக் கட்டாயமாக அனுப்பப்பட்ட அமெரிக்கர்கள் பலர் வயதான பிறகும் தூக்கமில்லாமல் தவிக்கிறார்களே, விருப்பமில்லாமல் போனதுதான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது மட்டுமே காரணம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. நம் நாட்டில் கட்டாய ராணுவ சேவை கிடையாது. என் பெரியப்பா ஆசைப்பட்டுத்தான் மிலிட்டரியில் சேர்ந்தார்.

எங்கள் ஊர் குடியாத்தம் - சித்தூர் ரோட்டில், பரதராமி பக்கம். பெரியப்பா 1987ல், இலங்கைக்கு இந்தியா அனுப்பிய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனார். அங்கே அந்தப் படை விடுதலைப் புலிகளோடு சண்டை போட வேண்டியதாயிற்று. கண்ணிவெடிக்குப் பயந்து, முன்னால் போனவன் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து நடப்பார்களாம். இன்றைக்கும் வேர்க்கடலைக் கொல்லையில் புதிதாக உழுத மண்ணில் இறங்க மாட்டார், வரப்போடு சுற்றித்தான் போவார். சின்ன வயதில் என் தம்பி வழியில் கிடந்த ஒரு தகர டப்பாவைக் கையில் எடுத்துவிட்டான். ஓடிவந்து அவனை அறைந்தவர், அப்புறம் கட்டிக்கொண்டு அழுதார்.

இதையும்விட அவரை அரிப்பது வேறொன்று. வீடுகளைச் சோதனை போடும்போது தமிழ் தெரியும் என்று இவரைத்தான் முன்னால் விடுவார்கள். ஒரு வீட்டில் ஒரு கிழவி, "தம்பி, நீயும் தமிழ்ப் பிள்ளைதானே?" என்று கேட்டாராம். அதற்கு மேல் என்ன நடந்தது என்று பெரியம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அங்கே சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது முதல்வர் வரவேற்கப் போகவில்லை. ஊரிலோ, "நம்ம ஜனத்தையே சுட்டுட்டு வந்தியா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். வியட்நாம் போனவர்களையும் ஓராண்டு முடிந்ததும் ஆள் ஆளாக விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கூட இருந்தவர்களோடு உட்கார்ந்து பேசி ஆற நேரமே இல்லை. கட்டாயம் காயத்தை ஆழமாக்கும், சரி. அதை ஆறவிடாமல் வைத்திருப்பது இந்தத் தனிமைதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

பெரியப்பா வாய் திறப்பது பலமநேர்க்காரர் ஒருவரிடம் மட்டும். தெலுங்குக்காரர், அதே பட்டாளத்தில் இருந்தவர். வீட்டில் யாருக்கும் புரியக் கூடாதென்று இருவரும் இந்தியில் பேசிக்கொள்வார்கள். அன்றைக்கு ராத்திரி பெரியப்பா மாத்திரை இல்லாமலே தூங்கிவிடுவார்.

அமெரிக்காவிலும் 1970 வாக்கில் நியூயார்க்கில், போர்முனையிலிருந்து வந்தவர்கள் இப்படித் தாங்களாகவே கூடிப் பேச ஆரம்பித்தார்கள். அவர்களும் அவர்களோடு உட்கார்ந்து கேட்ட சில மனநல மருத்துவர்களும் விடாமல் வற்புறுத்தியதில்தான் 1980ல் பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு நீடிக்கும் மனக்காயம், ஒரு நோயாக அங்கே மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியது.

பலமநேர்க்காரருக்கு இப்போது முழங்கால் தேய்மானம், பஸ் ஏற முடியவில்லை. அதனால் பெரியப்பாவை நானே பைக்கில் அங்கே கூட்டிப் போகிறேன்.