மாதவிலக்கு வலி, மாத்திரை ஒத்துக்கொள்ளாத வயிறு: காரைக்குடி நர்ஸ் ஆச்சியிடம் கேளுங்கள்

ஆச்சி, முதல் நாள் மெஃப்டால் போட்டால் வலி நிற்கிறது. ஆனால் ராத்திரி முழுக்க நெஞ்செரிச்சல். ஏன்? (மாணவி, தேவகோட்டை)

கருப்பையை முறுக்கிப் பிழிவது ப்ராஸ்டாகிளாண்டின் என்ற சுரப்பு. இரைப்பையின் உள்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பதும் அதே வகைதான். மெஃப்டாலில் உள்ள மெஃபனமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் இரண்டும் அந்தச் சுரப்பையே குறைப்பதால், கீழே வலி அடங்கி மேலே எரிகிறது. வெறும் வயிற்றில் போடவே போடாதே ஆத்தா. முன்பே அல்சர் இருந்தால் இந்த வகை மாத்திரையே வேண்டாம். பாரசிட்டமால் 500 அல்லது 650 போட்டுப் பார். வலியை அந்த அளவுக்கு அடக்காது, ஆனால் வயிற்றைச் சீண்டாது. ஆறு மணி நேரமாவது இடைவெளி விடு. ஈரல் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதையும் தொடக் கூடாது.

ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்குத் தொல்லை இல்லைதானே? (பள்ளத்தூர்)

இருக்கும். மருந்து ரத்தத்தில் கலந்துதான் அந்தச் சுரப்பைக் குறைக்கிறது. எந்த வழியில் போனாலும் இரைப்பைக்குப் பங்கு உண்டு.

மாத்திரையே இல்லாமல் சமாளிக்க முடியுமா?

சுடுதண்ணீர்ப் பையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அடிவயிற்றில் தொடர்ந்து இதமான சூடு வைத்தது ஐபுப்ரோஃபெனுக்கு ஈடாக வலியைக் குறைத்ததாகச் சில ஆய்வுகளே சொல்கின்றன. கொதிக்கிற தண்ணீரை ஊற்றாமல், துண்டில் சுற்றி வையுங்கள். தோல் வெந்து வந்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

ஆயா உளுந்தங்களியும் இஞ்சிச் சாறும் கொடுக்கிறார்கள். சரியா?

களி நல்ல சாப்பாடு, வலி மருந்து இல்லை. நல்லெண்ணெயை மட்டும் அளவாக ஊற்றச் சொல். இஞ்சி சிலருக்கு வலியைக் குறைக்கும். உனக்கு எரிந்தால் விட்டுவிடு. வெள்ளைப் பணியாரத்தைவிட அதற்குத் தொட்டுக்கொள்ளும் மிளகாய்த் துவையல்தான் எனக்குப் பயம்! அந்த இரண்டு நாள் இட்லி, ரசம் சாதம் போதும்.

மகளுக்கு மாதாமாதம் வலி கூடுகிறது, காலேஜுக்கே போக முடியவில்லை. கல்யாணம் ஆனால் சரியாகும் என்கிறார்கள். (ஒரு தாய், கானாடுகாத்தான்)

யார் சொன்னது? கல்யாணம் என்ன மாத்திரையா? தீட்டு முடிந்த பிறகும் வலிப்பது, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது வலிப்பது இதெல்லாம் எண்டோமெட்ரியோசிஸாக (கருப்பையின் உள்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருக்கலாம். மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை ஒரு வழி. அதைக் கல்யாணமாகாத பெண்ணும் டாக்டர் சொன்னால் தாராளமாகச் சாப்பிடலாம். அப்புறம், வலி மாத்திரை போட்டுக்கொண்டிருக்கும்போது மலம் தார் போலக் கறுத்துப் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.