பிரிண்ட் கொடுத்தால் நீலத்திரை: பிரிண்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒன்பது கணினிகளுக்கும் பொதுவாக ஒரு நெட்வொர்க் பிரிண்டர் உள்ளது. அதை ஒரு கணினியில் நிறுவி, அங்கிருந்து மற்றவற்றுக்குப் பகிர்ந்திருக்கிறோம். சில வாரங்களாக, பிரிண்ட் கொடுத்த சில நொடிகளில் நான்கு கணினிகளில் நீலத்திரை தோன்றி, அவை தாமாகவே ரீஸ்டார்ட் ஆகின்றன. திரும்ப இயங்கத் தொடங்கியதும், நாங்கள் எதையும் தொடாமலே மறுபடியும் விழுகின்றன. பழுதுபார்க்க வந்தவர் பிரிண்டரையே மாற்றிவிடச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பிரிண்டர் தன் சொந்தப் பழுதால் ஒரு விண்டோஸ் கணினியை வீழ்த்துவது அரிது. அச்சிட வேண்டிய பக்கத்தைப் பிரிண்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் வேலை உங்கள் கணினிக்குள்ளேதான் நடக்கிறது. பெரும்பாலும் விபத்து நேர்வதும் அங்கேதான். இதைச் சோதிப்பது எளிது. பிரிண்டரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சிக்கலுள்ள கணினியிலிருந்து வழக்கமான ஆவணம் ஒன்றுக்குப் பிரிண்ட் கொடுங்கள். அப்போதும் நீலத்திரை வந்தால் பிரிண்டர் மீது குற்றமில்லை.

ரீஸ்டார்ட் ஆனபின் மறுபடி விழுவதற்குக் காரணம், முடியாமல் நின்ற அச்சுப் பணி வரிசையில் அப்படியே காத்திருப்பதாகும். அச்சுப் பணிகளை வரிசைப்படுத்தி அனுப்பும் ஸ்பூலர் சேவை தொடங்கியவுடன் அதே பணியைக் கையில் எடுக்கிறது, அதே இடத்தில் இடறுகிறது. அத்தியாவசியப் பகுதிகள் மட்டும் இயங்கும் சேஃப் மோடில் ஸ்பூலர் இயங்காது என்பதால் அந்த வழியில் கணினியைத் தொடங்கி, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று சென்று, அங்கிருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள். ஃபோல்டரை அழித்துவிட வேண்டாம்.

அடுத்து, நீலத்திரை சொல்வதைப் படிக்க வேண்டும். பலரும் இதைச் செய்யாமலே, பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்குவதும் நிறுவுவதுமாகப் பொழுதைப் போக்குகிறார்கள். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில், ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி என்ற பகுதியில் தானாக ரீஸ்டார்ட் ஆகும் தேர்வை நீக்கிவிட்டால் திரை அப்படியே நிற்கும். பிழையின் பெயரையும், காட்டப்பட்டால் கோப்பின் பெயரையும் நான்கு கணினிகளிலிருந்தும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். கணினி விழும்போது மினிடம்ப் ஃபோல்டரில் பதிவாகும் கோப்புகளை மைக்ரோசாஃப்டின் விண்டிபிஜி என்னும் இலவசக் கருவியில் திறந்தும் பார்க்கலாம்.

இந்தப் பெயர்கள் ஏன் முக்கியம்? விண்டோஸ் விஸ்டா முதல் பிரிண்டர் டிரைவர்கள் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இயங்க அனுமதியில்லை. ஆகவே டிரைவர் மட்டும் கெட்டிருந்தால் ஸ்பூலர் நிற்கலாம், அல்லது அச்சிட முயன்ற மென்பொருள் மூடிக்கொள்ளலாம். கணினி முழுவதும் விழ வேண்டியதில்லை. நீலத்திரை வருகிறதென்றால், டிரைவரின் வேண்டுகோளை ஏற்றுச் செயல்பட்ட கெர்னல் பகுதி ஏதோ ஒன்று தடுமாறியிருக்கிறது. 2021 மார்ச் 9 அன்று வெளியான விண்டோஸ் 10 அப்டேட்டுக்குப் பிறகு, சில நிறுவனங்களின் பிரிண்டர்களுக்கு அச்சுப் பணி அனுப்பியவுடன் கணினிகள் ஏபிசி இன்டெக்ஸ் மிஸ்மேட்ச் (APC_INDEX_MISMATCH) என்ற பிழையுடன் விழுந்தன. பிழைத் திரையில் தெரிந்த கோப்பு வின்32கேஃபுல். அது விண்டோஸுக்கே உரிய வரைகலைப் பகுதி. பிரிண்டர்களில் எந்த மாற்றமும் நிகழவில்லை. மார்ச் 15 அன்று மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. அந்த ஆறு நாட்களில் எத்தனை பிரிண்டர்கள் வீண்பழி சுமந்தனவோ!

எனவே விழும் நான்கையும் விழாத ஐந்தையும் ஒப்பிடுங்கள்: விண்டோஸ் பதிப்பு எண், கடைசியாக நிறுவப்பட்ட அப்டேட், ஆன்டிவைரஸ், நெட்வொர்க் கார்டு டிரைவர். விடை பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கும். பிழையில் நெட்வொர்க் கார்டின் கோப்பு தென்பட்டால், அதன் டிரைவரை மட்டும் புதுப்பித்தால் போதும். வரைகலைக் கோப்பு தென்பட்டால், நிலுவையிலுள்ள அப்டேட்களை நிறுவிவிட்டு, பிரிண்டர் டிரைவரை மாற்றிப் பாருங்கள். பிசிஎல் 6 என்ற பிரிண்டர் மொழிக்கான டிரைவரைப் பயன்படுத்துபவர்கள், போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மற்றொரு மொழிக்கான டிரைவருக்கு மாறியவுடன் சிக்கல் மறைவதும் உண்டு. பழைய டிரைவரை நீக்கும்போது, பிரிண்டர் ஐகானை அழிப்பது போதாது. பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸில் உள்ள டிரைவர்ஸ் பகுதிக்குச் சென்று, டிரைவரையும் அதன் தொகுப்பையும் சேர்த்தே நீக்க வேண்டும். இல்லையெனில் விண்டோஸ் அதே தொகுப்பைத் திரும்பவும் எடுத்துப் போட்டுவிடும்.

உங்கள் அமைப்பில் பகிர்வுக் கணினியிலிருந்தே மற்றவை டிரைவரைப் பெறுகின்றன என்பதால், மாற்றத்தை அங்கிருந்து தொடங்குங்கள். ஒன்பது கணினிகள்தானே, ஒவ்வொன்றையும் பிரிண்டரின் ஐபி முகவரிக்கு நேரடியாக இணைத்துவிடுவதே என் விருப்பம். பகிர்வுக் கணினி அணைந்திருந்தாலும் வேலை நடக்கும்.

கேள்வி: எங்களுக்கு நீலத்திரை வருவதில்லை. பிரிண்ட் கொடுத்தால் கணினி ஓரிரு நிமிடங்கள் உறைந்துவிட்டு, பிரிண்டர் ஆஃப்லைன் என்று காட்டுகிறது. இதுவும் அதே கோளாறா?

பதில்: இல்லை. பிரிண்டரின் ஐபி முகவரி மாறியிருக்கும். கணினி பழைய முகவரியில் பதிலுக்காகக் காத்திருக்கிறது. ரௌட்டரில் அந்தப் பிரிண்டருக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கி, கணினி பிரிண்டரை அடையும் வழியான போர்ட்டின் அமைப்பில் டபிள்யூஎஸ்டி (விண்டோஸ் பிரிண்டரைத் தானாகக் கண்டறியும் முறை) என்றிருந்தால் அதை விட்டு, ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி போர்ட்டை அதே முகவரியுடன் உருவாக்குங்கள். முகவரி சரியாக இருந்தும் ஆஃப்லைன் என்றே காட்டினால், அந்தப் போர்ட்டின் அமைப்பில் பிரிண்டரின் நிலையை நெட்வொர்க் வழியே கேட்டறியும் எஸ்என்எம்பி நிலைச் சோதனையை நிறுத்திப் பாருங்கள்.