ஆன்லைனில் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம் என்கிறார்களே, உண்மையா?

பாதிதான் உண்மை. 40 லட்சம் என்பது தமிழ்நாட்டில் பொருள் விற்பவர்களுக்கான பொது வரம்பு. சரக்கு மாநில எல்லையைத் தாண்டியதும் அது உதவாது. கைவினைப் பொருள்களுக்குச் சில விலக்குகள் உண்டு. மற்றபடி பெங்களூருவுக்கு ஒரே ஒரு போர்வை அனுப்பினாலும் பதிவு வேண்டும்.

அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்கள் வழியாக விற்க முன்பு எவ்வளவு சிறிய வியாபாரியும் பதிவு செய்தாக வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல், சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்பவர்கள் வரம்புக்குள் இருந்தால், பான் எண்ணைக் கொடுத்து, பதிவுக்குப் பதிலாக ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். ஆனால் வெளிமாநில ஆர்டர் வரும்போது வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? நான் முதலிலேயே பதிவு செய்துகொண்டேன்.

பதிவைவிடக் கணக்கில்தான் நான் சறுக்கினேன். கரூரிலிருந்து போர்வை விற்கிறேன். ஒரு போர்வை 525 ரூபாய். கமிஷன், கூரியர் எல்லாம் பிடித்தம் போக வங்கிக்கு 410 வந்தது. அந்த 410ஐயே விற்பனை என்று மூன்று மாதம் ஜிஎஸ்டி ரிட்டர்னில், அதாவது அரசுக்குத் தாக்கல் செய்யும் வரிக் கணக்கில், காட்டினேன். தளமோ தன் ரிட்டர்னில் முழு விற்பனையையும் காட்டியிருந்தது. ஆடிட்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

வாடிக்கையாளர் கொடுத்த விலைதான் கணக்கு: 500 ரூபாய் மதிப்பு, 5 சதவீத வரி 25 ரூபாய். கமிஷன் மீது தளம் போடும் 18 சதவீத ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் தனியே எடுத்து, நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். திரும்பி வந்த சரக்குக்குக் கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போட்டு விற்பனையில் கழிக்க வேண்டும்.

இன்னொன்று டிசிஎஸ், அதாவது நமக்குத் தரும் பணத்திலிருந்து தளம் முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி. 2024 ஜூலை 10 முதல் அது அரை சதவீதம். இந்தப் போர்வைக்கு இரண்டரை ரூபாய். ஜிஎஸ்டி இணையதளத்தில் நுழைந்து நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான், வரி கட்டப் பயன்படும் உங்கள் ரொக்கக் கணக்கில் அங்கே சேரும். சின்னத் தொகைதானே என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

விற்பனையே இல்லாவிட்டாலும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் அதற்கும் நாளொன்றுக்கு 20 ரூபாய் கட்டணம்.

வேறு மாநிலத்தில் உள்ள தளத்தின் கிடங்கில் சரக்கை வைக்கச் சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். அந்த மாநிலத்திலும் தனிப் பதிவு எடுக்க வேண்டியிருக்கும். நான் இன்னும் வீட்டு மாடியில்தான் அடுக்கி வைத்திருக்கிறேன்.