டிரெய்லரில் குழாய் உறைவது: முதலில் ஹீட்டரைக் கவனியுங்கள்

வணக்கம். கனடாவின் எட்மன்டனில் டிரெய்லர் வீட்டில் (வண்டியால் இழுத்துச் செல்லும் வீடு) இருக்கிறீர்கள், மின்சார ஹீட்டர் வைத்து உள்ளே கதகதப்பாக இருந்தும் மைனஸ் 20-ல் சமையலறைக் குழாய் உறைந்துவிட்டது என்று கேட்டிருந்தீர்கள்.

அந்த ஹீட்டரே காரணமாக இருக்கலாம். பல டிரெய்லர்களில் ஃபர்னஸின் (வண்டியோடு வரும் கேஸ் சூடேற்றி) சூடான காற்றில் ஒரு பங்கு, தரைக்கு அடியில் குழாய்களும் தொட்டிகளும் இருக்கும் இடத்துக்குப் போகும். ஹீட்டர் அறையைச் சூடாக்கியதும், அறையின் வெப்பத்தைக் கவனிக்கும் தெர்மோஸ்டாட் ஃபர்னஸை நிறுத்திவிடும். மேலே இதமாக இருக்கும், அடியில் எல்லாம் ஐஸ். அதனால் ஃபர்னஸை ஓடவிடுங்கள். ஹீட்டர் துணைக்கு மட்டும். உறைந்த குழாயை ஹேர் டிரையரால் மெதுவாக இளக்குங்கள், தீயைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம், வண்டியைச் சுற்றித் தரைவரை 2 அங்குல ஃபோம் பலகையால் மறைப்பு கட்டுங்கள். முதல் வருடம் நான் தார்ப்பாய்தான் கட்டினேன். ஒரே இரவுக் காற்றில் கிழிந்துவிட்டது.

கழிவுநீர் வால்வு மூடியே இருக்கட்டும். திறந்திருந்தால் சொட்டுச் சொட்டாக வழிந்து குழாயிலேயே உறையும். தொட்டி நிறைந்ததும் ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள்.

இன்று இரவே மெத்தையைத் தூக்கிப் பாருங்கள். அடிப்பலகையில் நீர் முத்து முத்தாகக் கோத்திருக்கும், விட்டால் பூஞ்சைதான். ஈரக் காற்று வெளியேற, கூரை வென்ட்டை (காற்றுப் போக்கி) ஒரு விரல் அளவு திறந்தே வையுங்கள். கேஸ் அடுப்பைச் சூட்டுக்காக எரிக்கவே வேண்டாம். ஈரமும் கூடும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உயிருக்கே ஆபத்து. அந்த வாயுவைக் கண்டறியும் அலாரம் வேலை செய்கிறதா என்று தயவுசெய்து இப்போதே அழுத்திப் பாருங்கள்.