வீட்டு டிவிஆருக்குப் புது ஹார்ட் டிஸ்க், புது அப்டேட்: கேளுங்கள், சொல்கிறேன்

வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் சிசிடிவி போட்டுக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் தொழில். கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டியான டிவிஆரில் டிஸ்க் மாற்றுவது, சாஃப்ட்வேர் அப்டேட் போடுவது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள். கேட்பதற்கு முன் ஒரே ஒரு வேலை: பிளேபேக்கில் போய், நாலு நாளைக்கு முன்பு இரவு இரண்டு மணிக்குப் பதிவானதை ஓட்டிப் பாருங்கள். லைவில் எல்லா கேமராவும் பளிச்சென்று தெரியும், ஆனால் டிஸ்க் போய் மாதக்கணக்கில் ஆகியிருக்கும். திருடு போன பிறகுதான் பல வீடுகளில் இது தெரியவருகிறது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, 4 கேமரா, எல்லாமே 2 மெகாபிக்சல். உள்ளே 1 டிபி இருக்கிறது, ஐந்து நாளுக்கு மேல் நிற்கவில்லை. ஒரு மாதம் வேண்டுமென்றால் எத்தனை டிபி போடணும்?

பதில்: விநாடிக்கு 1 மெகாபிட் வீதம் எழுதினால் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு 10.8 ஜிபி ஆகும், இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்தக் கணக்கையும் நீங்களே போடலாம் தம்பி. ஐந்து நாள்தான் நிற்கிறது என்றால் உங்களுடையது பெரும்பாலும் எச்.264 என்கிற பழைய வீடியோ சுருக்கும் முறையில் கேமராவுக்கு 4 மெகாபிட் வீதம் எழுதிக்கொண்டிருக்கும், அதாவது நாலும் சேர்ந்து நாளைக்கு 173 ஜிபி. டிஸ்க் வாங்கக் கிளம்புவதற்கு முன் மெனுவில் அதைவிட நன்றாகச் சுருக்கும் எச்.265 இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதற்கு மாற்றி பிட்ரேட்டை, அதாவது விநாடிக்கு எழுதும் அளவை, 2 மெகாபிட்டுக்கு இறக்குங்கள், இரவில் முகம் தெரிகிறதா என்று ஒரு தடவை சரிபாருங்கள், அதே 1 டிபியில் 11 நாள் வந்துவிடும், ஒரு பைசா செலவில்லை. அந்த அளவில் 30 நாளுக்கு 2.6 டிபி தேவை, ஆகவே 3 அல்லது 4 டிபி வாங்கினால் போதும். அசைவு தெரிந்தால் மட்டும் எழுதும் மோஷன் பதிவுக்கு மாற்றினால் இன்னும் நிற்கும்தான், ஆனால் வாசல் கேமராவை மட்டும் முழுநேரமும் ஓடவிடுங்கள். மோஷன் எதையாவது தவறவிட்டால் அதை எங்கேயும் தேடி எடுக்க முடியாது.

கேள்வி: என் டிவிஆரில் எச்.265 என்கிற பேச்சே இல்லை. பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்டேட் போட்டால் வருமா சார்?

பதில்: வராது. கோஆக்சியல் கேபிளில் வரும் கேமராக்களின் படத்தைச் சுருக்குவது டிவிஆருக்குள் இருக்கும் சிப். அந்த சிப்பில் இல்லாத வசதியை சாஃப்ட்வேர் கொண்டுவராது. நெட்வொர்க்கில் ஓடும் ஐபி கேமரா, அதைப் பதிவு செய்யும் என்விஆர் என்றால் கதை வேறு, அங்கே சுருக்கும் வேலையை கேமராவே செய்துவிடுகிறது, ஆனாலும் அதைப் புரிந்துகொள்கிற என்விஆர் வேண்டும். உங்கள் நிலைமையில் டிஸ்க்குக்குச் செலவழிக்காமல் டிவிஆரையே மாற்றுங்கள், கேமராவும் கேபிளும் அப்படியே இருக்கட்டும். புதிது வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள், பெட்டியில் 1080 லைட் என்று போட்டிருந்தால் அது அகலத்தில் பாதிதான் பதிவு செய்யும், 1920-க்குப் பதில் 960. வண்டி நம்பர் படிக்க முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: கம்ப்யூட்டர் கடையில் எந்த டிஸ்க்கும் ஓடும் என்கிறார்கள். பர்ப்பிள்தான் வேண்டுமா, அது வெறும் விளம்பரமா?

பதில்: ஓடும், எவ்வளவு நாள் என்பதுதான் கேள்வி. டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் இரண்டும் இரவு பகல் நிற்காமல் எழுதுவதற்கென்றே செய்தவை, வருடத்துக்கு 180 டிபி வரை வேலை வாங்கலாம் என்று கணக்கு. சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க்குக்கு அது 55 டிபி. மேலே சொன்ன 173 ஜிபியை 365-ஆல் பெருக்கிப் பாருங்கள், 63 டிபி வருகிறது, முதல் வருடமே தாண்டிவிட்டது. இன்னொன்று, கம்ப்யூட்டர் டிஸ்க் ஒரு கெட்ட இடத்தில் மாட்டினால் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்து நேரத்தைக் கழிக்கும், சிசிடிவி டிஸ்க் அதை விட்டுவிட்டு அடுத்ததை எழுதப் போகும். வீடியோவில் ஒரு ஃபிரேம் போனால் பரவாயில்லை, பத்து விநாடி போகக்கூடாது.

கேள்வி: நானே மாற்றலாமா? பயமாக இருக்கிறது அண்ணா. வீட்டில் ஸ்க்ரூ டிரைவர் தவிர எதுவும் இல்லை.

பதில்: அது போதும்மா. முதலில் மெனுவிலிருந்து ஷட்டவுன் கொடுத்து, பிறகு அடாப்டரைப் பிடுங்குங்கள். மேல்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பின்பக்கமாக இழுத்தால் வந்துவிடும். உள்ளே டிஸ்க்கைப் பிடித்திருக்கும் நாலு ஸ்க்ரூவும் பெட்டியின் அடிப்பக்கம் இருக்கும், பலர் திணறுவது இங்கேதான். பெட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, உள்ளே ஒரு கையால் டிஸ்க்கைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் அடியிலிருந்து கழற்றுங்கள். தாங்காமல் கழற்றினால் நாலாவது ஸ்க்ரூ வந்ததும் டிஸ்க் போர்டு மேல் விழும். புதிதை மாட்டும்போது நாலு ஸ்க்ரூவையும் பாதி ஏற்றி, ஓட்டை எல்லாம் நேராக இருக்கிறதா பார்த்து, அப்புறம் இறுக்குங்கள். டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளின் முனை எல் வடிவத்தில் இருக்கும், ஒரு பக்கம்தான் போகும், அழுத்தி நுழைக்க வேண்டாம். மூடும்போது கேபிள் ஃபேனில் உரசக்கூடாது. ஆன் செய்ததும் ஸ்டோரேஜ் மெனுவில் ஃபார்மேட் கொடுங்கள், டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேல் எழுதும் ஓவர்ரைட் ஆனில் இருக்கட்டும். 1 டிபிக்கு 931 ஜிபி என்று காட்டும், அது சரியான கணக்குதான், கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

கேள்வி: புது 4 டிபி போட்டதிலிருந்து டிஸ்க் டிக் டிக் என்று நின்று நின்று ஓடுகிறது. டிஸ்க் கோளாறா?

பதில்: அடாப்டரை மாற்றிப் பாருங்கள் முதலில். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில விநாடி 12 வோல்ட்டில் இரண்டு ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். பழைய அடாப்டர் 2 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும் வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து பலம் குறைந்திருக்கும். நல்ல 12 வோல்ட், 4 ஆம்பியர் அடாப்டர் போட்டும் சத்தம் நிற்கவில்லை என்றால் டிஸ்க்கை வாரண்டிக்கு அனுப்புங்கள்.

கேள்வி: 6 டிபி போட்டேன், எடுக்கவே இல்லை.

பதில்: உங்கள் மாடலின் டேட்டாஷீட்டில் ஒரு சாட்டாவுக்கு அதிகபட்சம் எவ்வளவு என்று போட்டிருக்கும். பழைய டிவிஆர்கள் சிலவற்றுக்கு 2 டிபிதான் எல்லை. சிலவற்றில் அப்டேட் அந்த எல்லையை உயர்த்தும், எல்லாவற்றிலும் அல்ல.

கேள்வி: கழற்றிய டிஸ்க்கை கம்ப்யூட்டரில் போட்டேன், காலியாகக் காட்டி இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்கிறது. பதிவெல்லாம் போய்விட்டதா?

பதில்: போகவில்லை, கேன்சல் கொடுத்து உடனே கழற்றிவிடுங்கள்! பல டிவிஆர்கள் தங்களுக்கென்று ஒரு தனி முறையில் எழுதுகின்றன, விண்டோஸுக்கு அது படிக்கத் தெரியாது. அதே டிவிஆரில் திரும்ப மாட்டினால் பிளேபேக் வரும். அதனால் பழைய டிஸ்க்கின் மேல் தேதி எழுதி ஒட்டிக் கொஞ்ச காலம் பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: செல்போன் ஆப்பில் அப்டேட் இருக்கிறது என்று காட்டிக்கொண்டே இருக்கிறது. போடலாமா வேண்டாமா? நன்றாக ஓடுவதை ஏன் தொட வேண்டும் என்கிறார் என் மாமா.

பதில்: டிவிஆர் இன்டர்நெட்டில் இல்லாமல் தனியாக ஓடினால் உங்கள் மாமா சொல்வது சரி. நெட்டில் இணைத்திருந்தால் நான் அவரோடு ஒத்துப்போக மாட்டேன். 2016-இல் மிராய் என்கிற வைரஸ், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டிவிஆர்களையும் உலகம் முழுக்கப் பிடித்து ஒரு படையாக்கியது, அந்த அக்டோபர் 21 அன்று ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பலருக்குத் திறக்காமல் போனதற்கு அதுதான் காரணம். 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் தன் கேமராக்களிலும் சில என்விஆர்களிலும் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே நுழைய இடம் தந்த ஓர் ஓட்டையை அறிவித்து அதற்கு அப்டேட் கொடுத்தது. இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைப்பதுதான் அப்டேட், புது மெனு வருவதெல்லாம் அப்புறம்.

போடும் முறை முக்கியம். மாடல் பெயரை அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் கடைசி எழுத்து வரை பாருங்கள், ஒரே தோற்றத்தில் உள்ளே வேறு போர்டு இருக்கும். கம்பெனியின் சொந்த தளத்திலிருந்து மட்டும் ஃபைலை இறக்குங்கள், வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியது வேண்டாம். முதலில் கான்ஃபிகரேஷனை, அதாவது இப்போதைய செட்டிங்கை, ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள், தேவையான பதிவுகளையும் எடுத்துவிடுங்கள். இன்னொரு பென் டிரைவை எஃப்ஏடி32-இல் ஃபார்மேட் செய்து அப்டேட் ஃபைலைப் போட்டு அதிலிருந்து ஏற்றுங்கள். யுபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் லைனில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள், பாதியில் கரண்ட் போனால் டிவிஆர் திரும்ப எழாமலே போகலாம். முடிந்ததும் தேதி, ரெக்கார்டிங் ஷெட்யூல், ஓவர்ரைட் மூன்றையும் பாருங்கள். வெளியூரிலிருந்து கொண்டுவந்த, சீன மெனுவை ஆங்கிலமாக மாற்றி விற்ற பெட்டி என்றால் அப்டேட் போடாதீர்கள்.

கேள்வி: மகன் துபாயிலிருந்து பார்க்க ரவுட்டரில் போர்ட் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள். அது ஆபத்தா?

பதில்: ஆமாம் ஐயா, நெட்டில் இருக்கும் யாரும் வந்து தட்டக்கூடிய வழி அது, மூடச் சொல்லுங்கள். கம்பெனி ஆப்பில் கியூஆர் கோடு ஸ்கேன் செய்தே அவர் பார்க்கலாம், அதற்குப் போர்ட் திறக்கவே தேவையில்லை. ரவுட்டரில் யுபிஎன்பியையும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் டிவிஆர் தானாகவே திறந்துகொள்ளும்.

கேள்வி: ஆன்லைனில் பாதி விலைக்கு 4 டிபி பர்ப்பிள் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஓடிய மணிக்கணக்கை அழித்துவிட்டுப் பழைய டிஸ்க்கைப் புதிது என்று விற்பது நடக்கிறது. சீரியல் நம்பரைக் கேட்டு வாங்கி, தயாரித்த கம்பெனியின் வாரண்டிப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். மூன்று வருட வாரண்டி காட்ட வேண்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டில் திருட்டு, எங்கள் கேமராவில் விழுந்திருக்கிறது. டிவி திரையை செல்போனில் எடுத்து போலீசில் கொடுத்தேன். அது செல்லுமா?

பதில்: ஆளைத் தேட உதவும், நீதிமன்றத்துக்குப் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் என்கிற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும், அதில் ஃபைல் மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பு என்கிற அடையாளக் குறியீடும் வர வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, அந்த நேரத்துப் பதிவை டிவிஆரிலிருந்து நேரடியாகப் பென் டிரைவில் எடுப்பது, டிவிஆர் கடிகாரம் உண்மையான நேரத்துக்கு எத்தனை நிமிடம் முன்னே பின்னே இருக்கிறது என்று குறித்துக் கொடுப்பது. ஓவர்ரைட் வந்து அழிவதற்குள் இன்றைக்கே எடுங்கள், முடிந்தால் அந்த டிஸ்க்கையே கழற்றி வைத்துவிட்டு வேறு டிஸ்க் போடுங்கள்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு நானே ரெக்கார்டர் செய்யலாம் என்று பார்க்கிறேன்.

பதில்: ஐபி கேமரா என்றால் தாராளமாக. ஆனால் நீங்கள் ஊரில் இல்லாத நாளில் அது நின்றுபோனால் வீட்டிலிருப்பவர் பட்டனை அமுக்கித் திரும்ப ஓடவைக்க முடிகிற மாதிரி இருக்கட்டும். அது முடியாது என்றால் கடையில் விற்கும் என்விஆரே நல்லது.

கேள்வி: கரண்ட் போய் வந்தால் தேதி 2000 ஜனவரிக்குப் போய்விடுகிறது. பதிவையும் காணவில்லை. அப்டேட் போட்டால் சரியாகுமா?

பதில்: இதற்கு அப்டேட் வேண்டாம். போர்டில் இருக்கும் சின்ன பட்டன் பாட்டரி தீர்ந்துவிட்டது, பழையதைக் கையில் எடுத்துப் போய் அதே நம்பரில் வாங்கி மாட்டுங்கள். நெட் இருந்தால், அதிலிருந்து நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் என்டிபியையும் ஆன் செய்து, டைம் ஸோனை 5.30 என்று வையுங்கள். காணாமல் போன பதிவுக்கு பிளேபேக் காலண்டரை 2000 ஜனவரிக்குத் தள்ளிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும்.